முதல் ரூபாய்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், கைப்பேசிச் செயலிகளின் விலை. அந்த விலைக்கும் திருட்டுப் பிரதிக்கும் உள்ள உறவு. செயலி எழுதிப் பிழைப்பவன் நான். இந்தப் பொருளில் எனக்குக் கோபம் உண்டு. அந்தக் கோபம் எப்படி மாறியது என்பதற்கு ஒரு கதையும் உண்டு. இரண்டையும் உங்கள்முன் வைக்கிறேன்.

ஒரு கடையிலிருந்து தொடங்குகிறேன்.

2014. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு செல்போன் கடை. ஆறடி அகலம் இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் கவர், சார்ஜர், இயர்போன். மூலையில் தூசி படிந்த ஒரு கம்ப்யூட்டர். அதன்மேல் அட்டையில் கையால் எழுதியிருக்கும்: 'பாட்டு, படம், கேம்ஸ் ஏற்றித் தரப்படும்.' இந்தக் கடையை உங்களில் பார்க்காதவர் யார்? மெமரி கார்டைக் கழற்றிக் கொடுப்போம். ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் கார்டு நிறைந்திருக்கும்.

நான் சார்ஜர் வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பால்காரர் நின்றிருந்தார். வண்டியில் கேன் தொங்குகிறது. கடைக்காரத் தம்பி கம்ப்யூட்டர் திரையைத் திருப்பி அவரிடம் ஒரு பட்டியலைக் காட்டினான்.

"அண்ணே, இத ஏத்திக்கங்க. 'பால் கணக்கு'ன்னு பேரு. பால்காரங்க எல்லாம் இதத்தான் கேக்குறாங்க."

"எவ்வளவுப்பா?"

"முப்பது ரூவா. கூட நாலு கேமு போட்டுத் தர்றேன்."

பால்காரர் சட்டைப் பையிலிருந்து மூன்று பத்து ரூபாய் நோட்டுகளை எடுத்து எண்ணிக் கொடுத்தார்.

அவையோரே, அந்த 'பால் கணக்கு' நான் எழுதியது. எட்டு மாதம், இரவு இரவாக உட்கார்ந்து எழுதியது. எந்த வீட்டுக்குக் காலையில் எத்தனை லிட்டர், மாலையில் எத்தனை, எந்த நாள் வேண்டாம் என்றார்கள், மாதக் கடைசியில் எவ்வளவு பாக்கி என்று எல்லாம் அதில் இருக்கும். பிளே ஸ்டோரில் 50 ரூபாய் விலை வைத்திருந்தேன். அன்றைக்கு இந்தியாவில் அதற்குக் கீழே விலை வைக்க வழியில்லை, அதுதான் குறைந்தபட்சம். அதுவரை அதை வாங்கியவர்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். யாரும் நகல் எடுத்துவிடக் கூடாது என்று, கூகுள் கொடுத்திருந்த உரிமச் சோதனையையும் உள்ளே வைத்திருந்தேன். அதையும் யாரோ பிடுங்கி எறிந்துவிட்டு, தன் சொந்த டிஜிட்டல் கையெழுத்தைப் போட்டு உலவ விட்டிருக்கிறார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் பதறியது. பால்காரர் போகும்வரை காத்திருந்து கேட்டேன்.

"தம்பி, இது காசு குடுத்து வாங்க வேண்டிய செயலி இல்லையா?"

அந்தத் தம்பி ஒளிக்கவில்லை, மழுப்பவில்லை. சொன்னான்: "ஆமா சார். ஆனா அதுக்கு கிரெடிட் கார்டு வேணும்ல? பால்காரர்கிட்ட ஏது சார் கார்டு?"

நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். சார்ஜரை வாங்க மறந்துபோய் வீடு வந்து சேர்ந்தேன்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பால்காரர் காசு கொடுக்க மனமில்லாதவரா? முப்பது ரூபாய் கொடுத்தார். ரொக்கமாகக் கொடுத்தார். பேரம் பேசாமல் கொடுத்தார். திருட்டுப் பிரதிக்குக் காசு கொடுத்தார்! அந்த முப்பதில் ஒரு பைசாகூட எழுதியவனுக்கு வரவில்லை. வர ஒரு பாதை இல்லை. இன்றைய என் பேச்சு முழுவதும் அந்தப் பாதையைப் பற்றியதுதான்.

விலை அதிகமாக இருப்பதால் திருடுகிறார்கள் என்று ஒரு கட்சி சொல்லும். மனிதர்களுக்கு நேர்மை இல்லாததால் திருடுகிறார்கள் என்று இன்னொரு கட்சி சொல்லும். இந்த வழக்கு நேற்று வந்த வழக்கா? கைப்பேசி பிறப்பதற்கு முன்பே, வீட்டுக் கணினி பிறந்த அன்றே இதுவும் பிறந்துவிட்டது.

1975-இல் அமெரிக்காவில் ஆல்டேர் என்ற கணினி வந்தது. 400 டாலர் சுமாருக்கு உதிரிப் பாகங்களாக வாங்கி, வீட்டில் உட்கார்ந்து பற்றவைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு பேசிக் என்ற மென்பொருளை எழுதியவர்கள் பில் கேட்ஸும் பால் ஆலனும். இளைஞர்கள். அந்த பேசிக்கின் பிரதி ஒன்று கலிபோர்னியாவின் ஹோம்ப்ரூ கணினிக் கழகத்தாரிடம் போய்ச் சேர்ந்தது. காகித நாடாவில் துளையிட்ட பிரதி. அடுத்த கூட்டத்துக்கு ஒன்று பலவாகி வந்தது. கேட்ஸுக்கு ஆத்திரம் பொங்கியது. 1976 பிப்ரவரியில் அவர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்து சதவீதம் பேர்கூட பேசிக்கைக் காசு கொடுத்து வாங்கவில்லை, நாங்கள் உழைத்த நேரத்துக்கு மணிக்கு இரண்டு டாலர்கூடத் தேறவில்லை என்று குமுறினார்.

அவர் குமுறியது நியாயம். எட்டு மாத இரவுகளை இழந்தவன் நான். எனக்குத் தெரியும் அந்தக் குமுறல். ஆனால் அந்த விலையைப் பாருங்கள். ஆல்டேரை விற்ற நிறுவனத்தின் நினைவகப் பலகையோடு சேர்த்து வாங்கினால் பேசிக் மலிவு. தனியாகக் கேட்டாலோ 500 டாலர்! கணினியை விட மென்பொருள் விலை அதிகம். அந்த நினைவகப் பலகையோ சரியாக வேலை செய்யாது என்று பெயரெடுத்தது. ஓடாத பலகையை வாங்கினால்தான் மென்பொருளை மலிவாகத் தருவேன் என்றால், வாங்க வந்தவன் என்ன செய்வான்? காகித நாடாவை நகல் எடுத்தான். விலையை வைத்த விதமே நகலெடுக்கக் கற்றுக் கொடுத்தது.

இப்போது கைப்பேசிக்கு வருவோம்.

2008 ஜூலையில் ஆப்பிள் தன் செயலிக் கடையைத் திறந்தது. முதல் நாள் அதில் 500 செயலிகள். காசு கொடுத்து வாங்க வேண்டியவற்றில் குறைந்த விலை 99 சென்ட். வரும் பணத்தில் எழுபது பங்கு எழுதியவருக்கு, முப்பது பங்கு கடைக்காரருக்கு. எங்களைப் போன்றவர்களுக்கு அன்று எத்தனை மகிழ்ச்சி! பெட்டியில் போட்டு நூறு டாலருக்கும் இருநூறு டாலருக்கும் விற்ற சரக்கு, ஒரு டாலருக்கும் கீழே இறங்கி வந்துவிட்டது. இனி யார் திருடுவான்? ஒரு டாலருக்காகவா ஒருவன் திருடப் போகிறான்?

திருடினான்.

செக் நாட்டில் பிர்னோ என்றொரு நகரம். அங்கே மேட்ஃபிங்கர் என்ற சிறு நிறுவனம் 2012-இல் 'டெட் டிரிகர்' என்ற விளையாட்டை வெளியிட்டது. விலை 99 சென்ட். சில வாரங்கள்தான். ஆண்ட்ராய்டில் திருட்டு நம்ப முடியாத அளவுக்குப் போய்விட்டது என்று சொல்லி, விளையாட்டை இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். அதே 2012-இல் லண்டனில் இன்னொரு செய்தி. கால்பந்துப் பிரியர்கள் உயிரையே விடும் 'ஃபுட்பால் மேனேஜர்' ஆண்ட்ராய்டுக்கு வந்தது. விலை ஏறக்குறைய ஏழு பவுண்டு. காசு கொடுத்தவர் ஒருவர் என்றால் திருட்டுப் பிரதியில் ஆடுபவர் ஒன்பது பேர் என்று அதை உருவாக்கிய ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் தலைவரே அறிவித்தார்.

ஒன்று 99 சென்ட். மற்றொன்று ஏழு பவுண்டு. பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். இரண்டு வீட்டிலும் ஒரே ஒப்பாரி! அப்படியென்றால் விலைக்கும் திருட்டுக்கும் தொடர்பே இல்லையா? அவசரப்படாதீர்கள். மூன்றாவது ஒரு சாட்சி இருக்கிறது. என் பார்வையில் இந்த வழக்கின் முக்கியமான சாட்சி அதுதான்.

'மானுமென்ட் வேலி'. ஆடியிருக்கிறீர்களா? ஆடாதவர்கள் ஒருமுறை ஆடிப் பாருங்கள். வெள்ளை உடுப்பும் கூம்புத் தொப்பியும் அணிந்த ஒரு சிறுமி, கண்ணை ஏமாற்றும் கோபுரங்களுக்குள் நடந்து போவாள். ஒரு படிக்கட்டை விரலால் திருப்பினால், வானத்தில் தொங்கிய பாதை தரையோடு ஒட்டிக்கொள்ளும். லண்டனில் அஸ்டூ என்ற நிறுவனத்தில் ஒரு சிறு குழு 55 வாரம் உழைத்து உருவாக்கியது. செலவு எட்டரை லட்சம் டாலர். 2014-இல் வெளியிட்டார்கள். விலை ஒன்றுதான்: 3 டாலர் 99 சென்ட்.

2015 ஜனவரியில் அவர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அந்த விளையாட்டு இருக்கும் நூறு ஐபோன்களில் நாற்பதில் காசு கொடுத்து வாங்கியது இருக்கிறது. நூறு ஆண்ட்ராய்டு போன்களில்? ஐந்து! மீதி அத்தனையும் திருட்டல்ல. ஒருமுறை வாங்கியவர் தன் இன்னொரு போனிலும் போட்டுக்கொள்வதுண்டு, அதுவும் இதில் சேரும் என்று அவர்களே நேர்மையாக விளக்கினார்கள். அதைக் கழித்தாலும் நாற்பது எங்கே, ஐந்து எங்கே?

ஒரே விளையாட்டு. ஒரே அழகு. ஒரே விலை. விளைவு மட்டும் ஏன் வேறு?

அன்று ஐபோனில் வெளியாள் கொடுத்த செயலியை ஏற்றப் பெரும்பாலும் ஜெயில்பிரேக் செய்ய, அதாவது போனின் பூட்டை உடைக்க வேண்டியிருந்தது, அது எல்லாராலும் ஆகாத காரியம். ஆண்ட்ராய்டில் ஏபிகே என்ற ஒரு செயலிக் கோப்பு போதும். புளூடூத்தில் பக்கத்து பெஞ்சுக்கு அனுப்பிவிடலாம். இது ஒரு காரணம். ஆனால் இது பாதிதான். ஐபோன் வாங்கியவரில் பெரும்பாலோர் வாங்கிய அன்றே கணக்குத் திறந்து கார்டு எண்ணைக் கொடுத்து வைத்தவர்கள். அவர்களுக்கு நாலு டாலர் என்பது ஒரு விரல் தட்டு. ஆண்ட்ராய்டு போனோ கார்டே இல்லாத நாடுகளுக்கெல்லாம் போனது. வங்கிக்குப் போயிராத கைகளுக்குப் போனது. எங்கள் பால்காரர் கைக்குப் போனது. அவருக்கு 3 டாலர் 99 சென்ட்டும் ஒன்றுதான், 99 சென்ட்டும் ஒன்றுதான். இரண்டையும் அவரால் கொடுக்க முடியாது. கையில் காசு இருந்தும் கொடுக்க முடியாது!

ஆகவே நான் சொல்வது இதுதான். நூறு ரூபாய்ச் செயலிக்கும் பத்து ரூபாய்ச் செயலிக்கும் நடுவே இருப்பது ஒரு படி. ஒரு ரூபாய்க்கும் இலவசத்துக்கும் நடுவே இருப்பது ஒரு மதில். அந்த மதிலுக்கு நான் வைத்திருக்கும் பெயர் முதல் ரூபாய். கணக்குத் திற, கார்டைப் பதி, ஓடிபிக்குக் காத்திரு, முன்பின் தெரியாத கம்பெனியை நம்பு. இத்தனையும் அந்த முதல் ரூபாயின் விலையோடு சேர்ந்தது. அந்த மதிலைத் தாண்டிவிட்டவனுக்கு அடுத்த ரூபாய் எளிது. தாண்ட முடியாதவனுக்கு மதிலோரத்தில் ஒரு செல்போன் கடை இருக்கிறது.

இதை நான் புத்தகம் படித்துக் கற்கவில்லை. கையைச் சுட்டுக்கொண்டு கற்றேன். 2015-இல் கூகுள் இந்தியாவுக்கான குறைந்தபட்ச விலையை 50 ரூபாயிலிருந்து 10 ரூபாய்க்கு இறக்கியது. நான் அன்றே 'பால் கணக்கு' விலையைப் பத்து ரூபாய் ஆக்கினேன். கடைக்காரத் தம்பி வாங்குவது முப்பது. நான் கேட்பது பத்து. திருட்டுச் சரக்கை விட அசல் மலிவு! இனி எல்லாரும் என்னிடம் வந்துவிடுவார்கள் என்று நம்பினேன். யார் வந்தார்கள்? ஒரு பால்காரர்கூட வரவில்லை. விலையை ஐந்தில் ஒரு பங்காக்கினேன். மதில் அப்படியே நின்றது. பத்து ரூபாயில் என் பங்கு ஏழு ரூபாய்; அந்த ஏழு ரூபாயும் வரவில்லை.

விலையும் வழியும் சேர்ந்து வந்தால் என்ன நடக்கும் என்பதை நம் ஊரே பார்த்திருக்கிறது. திருட்டு விசிடி காலம் நினைவிருக்கிறதா? படம் வெளியான மறுநாள் பர்மா பஜாரில் கிடைக்கும். 2004-இல் குண்டர் சட்டத்திலேயே திருட்டு வீடியோவைச் சேர்த்தார்கள். ஆளைப் பிடித்தார்கள், தட்டுகளை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினார்கள். அன்றைக்கு அசல் டிவிடி நூற்றுக்கணக்கில் விலை. 2007-இல் மோசர் பேர் நிறுவனம் வந்தது. அசல் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்றது. நல்ல அட்டை, தெளிவான படம், கைக்கெட்டும் கடையில் ரொக்கத்துக்குக் கிடைத்தது. திருட்டுத் தட்டு வாங்கிய அதே குடும்பங்கள் இதையும் வாங்கி அலமாரியில் அடுக்கின. உங்கள் வீட்டில் அந்த டிவிடி ஒன்றாவது இன்னும் இருக்கும், தேடிப் பாருங்கள். அந்த நிறுவனம் பின்னாளில் நொடித்துப்போனது வேறு கதை. ஆனால் நம் மக்கள் அசலுக்குக் காசு கொடுக்க மாட்டார்கள் என்ற பழி அந்த 28 ரூபாயில் துடைக்கப்பட்டது.

கடலூர்ப் பக்கம் பிறந்த ஷாம்பு பாக்கெட்டைப் பாருங்கள். பாட்டில் வாங்க முடியாத வீட்டுக்கு சிக் ஷாம்பு பாக்கெட்டில் வந்தது. 50 பைசாவுக்குக்கூட வந்தது. அது விலையால் மட்டுமா வென்றது? பெட்டிக்கடை வாசலில் சரமாகத் தொங்கியதே, அதனாலும் வென்றது. எட்டிப் பறிக்கிற உயரத்தில் தொங்கியது.

2011-இல் ஜோ கரகானிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரின் தலைமையில், வளரும் நாடுகளில் நடக்கும் இந்த நகலெடுப்பைப் பற்றி ஒரு பெரிய ஆய்வறிக்கை வந்தது. இந்தியா, பிரேசில், ரஷ்யா, தென்னாப்பிரிக்கா எல்லாம் அதில் உண்டு. அமெரிக்காவில் வைத்த விலையை அப்படியே கொண்டுவந்து ஏழை நாட்டுச் சந்தையில் ஒட்டினால், சட்டபூர்வமான சந்தை உருவாகவே உருவாகாது என்று அந்த அறிக்கை அடித்துச் சொன்னது. அதே ஆண்டில் ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல் இன்னொன்று சொன்னார். திருட்டு என்பது பெரும்பாலும் விலைக் கோளாறு இல்லை, சேவைக் கோளாறு என்றார். ரஷ்யாவுக்குப் போகாதே, எல்லாரும் திருடுவார்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ரஷ்ய மொழியில், உரிய நேரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த நாடு அவருக்குப் பெரிய சந்தையாக மாறியது. ஒருவர் விலை என்கிறார், இன்னொருவர் சேவை என்கிறார். எங்கள் சந்தில் நின்று பார்த்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான். கொடுக்க முடியாத விலையும் கொடுக்க வழியில்லாத விலையும் பால்காரருக்கு ஒரே விலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சந்தையில் மாம்பழக்காரம்மா என்ன செய்கிறார்? ஒரு பழத்தைக் கீறி, ஒரு துண்டை நம் கையில் கொடுக்கிறார். "தின்னு பாரு கண்ணு, அப்புறம் காசு குடு" என்கிறார். செயலிக் கடையில் அந்தத் துண்டு எங்கே? ஆண்ட்ராய்டில் தொடக்கத்தில் இருந்தது. வாங்கி 24 மணி நேரத்துக்குள் பிடிக்கவில்லை என்றால் பணம் திரும்பக் கிடைக்கும். 2010 கடைசியில் அதைப் பதினைந்தே நிமிடம் ஆக்கினார்கள். பெரிய விளையாட்டு இறங்கி முடியவே பதினைந்து நிமிடம் போதாத காலம் அது! பிறகு 2014-இல் இரண்டு மணி நேரம் ஆக்கினார்கள். ருசி பார்க்க விடாத கடைக்குப் பக்கத்தில், முழுப் பழத்தையும் சும்மா தருகிற திருட்டுக் கடை. வாடிக்கையாளர் எங்கே போவார்?

தம்பிமார்களே, நான் வாங்குபவரின் பக்கம் மட்டுமே பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எழுதியவன் பக்கமும் ஒரு வீடு இருக்கிறது, அங்கும் அடுப்பு எரிய வேண்டும். 2013-இல் ஆஸ்திரேலியாவில் அண்ணன் தம்பி இருவர் 'கேம் டெவ் டைகூன்' என்றொரு விளையாட்டைக் கணினிக்கு வெளியிட்டார்கள். விலை எட்டு டாலர். விளையாட்டுக் கம்பெனி ஒன்றை நடத்துவதுதான் அதில் விளையாட்டே. வெளியிட்ட அன்றே அவர்கள் தாங்களே ஒரு திருட்டுப் பிரதியையும் தயாரித்து இணையத்தில் விட்டார்கள். அந்தப் பிரதியில் ஆடுபவரின் கம்பெனி நன்றாக வளரும், கொஞ்ச நேரத்தில் எல்லாரும் திருடி ஆடுகிறார்கள், வருமானம் இல்லை என்ற செய்தி வரும், கம்பெனி திவாலாகும். முதல் நாள் கணக்கில் நூற்றுக்கு 93 பேருக்கு மேல் அந்தப் பிரதியில்தான் ஆடினார்கள். பிறகு, ஐயோ எங்கள் விளையாட்டைத் திருடுகிறார்களே, கம்பெனி மூழ்குகிறதே, என்ன செய்வது என்று திருடி ஆடியவர்களே இணையத்தில் வந்து கேட்டார்கள். அந்தக் கேள்வியை நான் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அண்ணன் தம்பியின் நெஞ்சு எனக்குத் தெரியும்.

திருட்டுப் பிரதியால் வாங்குபவருக்காவது நன்மை உண்டா? 2016 ஜூலையில் 'போக்கிமான் கோ' வந்தது. முதலில் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் மட்டும். விளையாட்டு இலவசம்தான்! ஆனால் மற்ற நாடுகளில் கிடைக்கவில்லை. கிடைக்காததும் ஒரு விலைதானே? உலகமெங்கும் பிள்ளைகள் ஏபிகே தேடி இறக்கினார்கள். சில நாட்களுக்குள் டிராய்ட்ஜாக் என்ற உளவு நிரல் ஒட்டிய பிரதி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. போனை அப்படியே இன்னொருவன் கையில் கொடுத்துவிடும் நிரல் அது. 'மாட் ஏபிகே' என்று திருத்திய பிரதி தேடும் தம்பிகளே, அந்தக் கோப்பில் உங்கள் கையெழுத்தும் இல்லை, எங்கள் கையெழுத்தும் இல்லை. மூன்றாவது ஒருவனின் கையெழுத்து இருக்கிறது. அவன் யார்?

சரி, திருட்டைச் சமாளிக்கத் தொழில் என்ன செய்தது? இங்கேதான் எனக்கு மனம் கசக்கிறது. இலவசம் என்றார்கள். 'டெட் டிரிகர்' போன வழியில் ஊரே போனது. செயலியை இறக்க ஒரு காசு வேண்டாம். உள்ளே நாணயம் வாங்கு, வைரம் வாங்கு, விளம்பரம் பார். சரக்கைத் தங்கள் சர்வரில் பூட்டி வைத்தார்கள். இலவசத்தை யார் திருட முடியும்? ஒருவகையில் திருட்டை வென்றார்கள்.

எந்த விலைக்கு வென்றார்கள்? முன்பு விலை கடை வாசலில் எழுதியிருந்தது. இப்போது விலை வீட்டுக்குள், குழந்தையின் விரல் நுனியில் ஒளிந்துகொண்டது. பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகள் விளையாட்டுக்குள் வாங்கிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி, 2014-இல் அமெரிக்க வணிக ஆணையம் ஆப்பிளைக் குறைந்தது 3.25 கோடி டாலர் கொடுக்க வைத்தது. அதே ஆண்டு கூகுள் 1.9 கோடி டாலர். ஒரு தடவை நாலு டாலர் கொடுத்து வாங்கி, ஆடி முடித்து மகிழ்கிற 'மானுமென்ட் வேலி' போன்ற பண்டத்துக்கு இடம் சுருங்கிப்போனது. அந்த விளையாட்டுக்கே 2014 கடைசியில் புதிதாகச் சில கட்டங்கள் சேர்த்து 1 டாலர் 99 சென்ட் கேட்டபோது, இதற்கும் காசா என்று சிலர் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். இலவசம் பழகிய கண்ணுக்கு நியாயமான விலையும் அநியாயமாகத் தெரிகிறது. திருட்டு எங்களிடமிருந்து பணத்தைத்தான் பறித்தது. இலவசம், வெளிப்படையாக ஒரு விலையைச் சொல்லும் உரிமையையே பறித்துவிட்டது.

ஆனாலும் நான் இன்று நம்பிக்கையோடுதான் வந்திருக்கிறேன். மதிலில் வாசல் திறந்திருக்கிறது. 2016-இல் யுபிஐ வந்தது. 2022 கடைசியிலிருந்து பிளே ஸ்டோர் சந்தாவையே யுபிஐ தானாகக் கட்டுகிறது. பத்து லட்சம் டாலர் வருமானம் வரைக்கும் கடைக்காரர் பங்கும் 2021 முதல் முப்பதிலிருந்து பதினைந்தாகக் குறைந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி விலை வைக்கலாம். என் துறை இளைஞர்களிடம் கேட்கிறேன்: டாலர் விலையை ரூபாய் மதிப்பால் பெருக்கி அப்படியே ஒட்டுகிறீர்களே, ஏன்? ஒரு பெட்டிக்கடை வாசலில் நின்று, உங்கள் விலை அங்கே என்ன வாங்கும் என்று பார்த்துவிட்டு விலை வைத்தால் என்ன? வாங்கும் இளைஞர்களிடமும் கேட்கிறேன்: கார்டு இல்லை என்று சொல்ல முடிந்த காலம் போய்விட்டது. டீக்கு ஸ்கேன் செய்கிற கை, செயலிக்கு மட்டும் ஏன் ஏபிகே தேடுகிறது?

அந்தப் பால்காரரை மறுபடி பார்த்தேன். அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

சென்ற ஆண்டு, எங்கள் தெருவுக்கே பால் ஊற்ற வந்தார். தலை நரைத்திருந்தது. பால் கேனின் மூடியில் கியூஆர் அட்டை ஒட்டியிருந்தது. நனையாமலிருக்க மேலே பிளாஸ்டிக் தாள். 'பால் கணக்கை' நான் மறுபடி எழுதி, வருடத்துக்கு 60 ரூபாய் சந்தா வைத்திருந்த நேரம். முதல் மாதம் சும்மா பயன்படுத்தலாம். அவரிடம் காட்டினேன். உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"இது எங்கிட்ட இருக்கே தம்பி! செல்போன் கடையில முப்பது ரூவா குடுத்து ஏத்துனது. ஆனா புதுசு எதுவும் வர மாட்டேங்குது. புது போன்ல போட்டா நிக்கவே இல்ல. அதுக்காகப் பழைய போனையும் சேத்துத் தூக்கிட்டு அலையுறேன்."

பையிலிருந்து எடுத்துக் காட்டினார். திரை குறுக்கே உடைந்து, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய போன். அதற்குள் நான் 2014-இல் எழுதிய அதே பச்சைத் திரை ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையோ வருடக் கணக்கு. எந்த வீடு எப்போது குடி மாறியது, எந்த வீட்டில் குழந்தை பிறந்து கால் லிட்டர் கூடியது, எல்லாம் அதில் இருந்தது.

அதை எழுதியவன் நான்தான் என்று சொன்னேன். அவர் முகம் மாறியது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் புதுப் போனை எடுத்தார். "அறுபது ரூவாதான? இப்பவே போட்டுர்றேன்" என்றார். முதல் மாதம் இலவசம் என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தார். நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, பழைய கணக்கு இதுல வருமா?"

வராது. கையெழுத்து வேறு, திருட்டுப் பிரதியின் உள்ளே இருப்பதை என் செயலியால் தொட முடியாது. ஆனால் மாதக் கணக்கை மெமரி கார்டில் கோப்பாக எழுதி வைக்கும் ஒரு வசதியை அன்றைக்கே நான் அதில் வைத்திருந்தேன். நகலெடுத்தவன் அதில் கை வைக்காமல் விட்டிருந்தான். உடைந்த போனிலிருந்து கார்டைக் கழற்றிப் பார்த்தேன். கோப்புகள் இருந்தன, மாதம் மாதமாக. அவர் புதுப் போனை என்னிடமே விட்டுப்போனார். அன்று இரவு உட்கார்ந்து, அந்தக் கோப்புகளைப் படித்துப் புதுச் செயலிக்குள் கொண்டுவரும் பகுதியை எழுதினேன். விடியற்காலை நாலரை மணிக்கு அவர் மணி அடித்தபோது கணக்கு தயாராக இருந்தது. அரை லிட்டர் வாங்கிக்கொண்டு போனைக் கொடுத்தேன்.